குடும்பவியல் படித்தால் என்ன சம்பளம்?

மே 4, ஞாயிறு

மகள் குழல்வாய்மொழி நேற்று கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். முதல் வருடப் பரீட்சை முடிந்தது. ஒரு பெட்டி நிறைய அழுக்குத் துணி, ஒரு பை நிறையப் புத்தகம். துணியை ஊறப் போட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். கணவன் மனைவி பேசிக்கொள்ளும் முறைகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. இதற்காகத்தான் விடுதியோடு சேர்த்து வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டுகிறேன். என்னைக் கேட்டிருந்தால் காசு வாங்காமலே சொல்லியிருப்பேன். பேசவே கூடாது.

இந்த வருடம் இன்சூரன்ஸ்காரர் கொடுத்த டைரி பெரிதாக இருக்கிறது. யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் சம்மதம் சொல்லிக் கைநனைக்கிறார்கள் என்று குறித்தது போகப் பாதிப் பக்கம் மிஞ்சுகிறது. அதில் என் ஆத்திரத்தை எழுதுகிறேன். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இவர் எதற்கும் "சரிளா" என்று மட்டும்தான் சொல்கிறார். சரி சரி என்கிறவரிடம் எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்?

மே 5, திங்கள்

இன்று தூக்கி வாரிப் போட்டது.

பாளையங்கோட்டையில் நான் 'உலகம்மை திருமணத் தகவல் மையம்' வைத்துப் பதினாறு வருடமாகிறது. டாக்டர் என்றால் என்ன, ஐ.டி. என்றால் என்ன, பல் டாக்டர் என்றால் எவ்வளவு குறைச்சல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொந்த மகளின் படிப்புக்கு என்ன சம்பளம் என்று மட்டும் கேட்டதே இல்லை. எம்.எஸ்ஸி. என்று சொன்னாள், கௌரவமாக இருந்தது, சேர்த்துவிட்டேன். இன்று தோசை சுட்டுக்கொண்டே கேட்டேன்.

"முடிச்சா என்ன சம்பளம்ட்டி வரும்?"

"ஆரம்பத்துல பதினெட்டாயிரம் வரும்மா."

"வாரத்துக்கா?"

அவள் சிரித்தாள். தோசை கருகிவிட்டது. நம் தெருமுனைத் துணிக்கடையில் கல்லாவில் உட்காரும் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்குப் பதினாறாயிரம், தீபாவளிக்குச் சேலை வேறு. வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவதில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கவே எத்தனை வருடம் ஆகுமென்று கணக்குப் போட்டேன். அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

இரண்டாம் வருடப் பணம் ஜூலையில் கட்ட வேண்டும். கட்டுவதா வேண்டாமா என்று அதற்குள் நான் முடிவு செய்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

மே 12, திங்கள்

இன்றிலிருந்து அவளுக்குக் களப் பயிற்சி. கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கிற குடும்ப ஆலோசனை மையத்தில் இரண்டு மாதம். ஒத்துப்போகாத புருஷன் பெண்டாட்டிகள் அங்கே வருவார்களாம். ஜெசிந்தா மேடம் என்று ஒருத்தர் உட்கார்ந்து பேசுவாராம், இவள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டுமாம். சம்பளம் கிடையாது. பஸ் காசு நான் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் வந்ததும், "இன்னைக்கு யாரு வந்தா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா. சொன்னா படிப்பே போயிரும். கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"பெத்த தாய்ட்டகூடவா?"

"ஒன்ட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது. ஒனக்கு ஊரையே தெரியும்."

நன்றாக இருக்கிறது. நான் விசாரித்துச் சொல்வதால் சாப்பிடுகிறேன். இவள் சொல்லாமல் இருப்பதற்குப் பணம் கட்டிப் படிக்கிறாள்.

மே 25, ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் பெண்ணின் ஜாதகத்தோடு வந்தது. தயங்கினார்கள். வழக்கம்போல எழுந்து சுவரைக் காட்டினேன். முன்னறையில் கூரை வரை என் கல்யாணங்கள்தான். நான் முடித்து வைத்த ஜோடி ஒவ்வொன்றிடமும் கல்யாணப் படம் ஒன்று வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவது என் வழக்கம். வேறு எந்த மையத்திலும் இப்படி இல்லை. வருகிறவர்களுக்கு வாயால் எவ்வளவு சொன்னாலும் ஏறாது, படத்தைப் பார்த்தால் ஏறும்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் மரகதம் படம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரத்து அரிசி ஆலைக்காரர்களின் மூத்த மகன் நெல்லையப்பனுக்கு முடித்தது. பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே முடி. முழுக்கப் பூத் தைத்துத் திரும்பி நின்று எடுத்த படம். எல்லாருக்கும் அதைத்தான் முதலில் காட்டுவேன்.

"இந்தப் பிள்ள முடியப் பாருங்க. ஆலை வீட்டுல ராணி மாதிரி வச்சிருக்காவ. இன்னைத் தேதி வரைக்கும் ஒரு குறை எங்காதுல விழல" என்றேன்.

காப்பி கொண்டு வந்த குழலி டம்ளர்களை வைத்த கையோடு பின்கட்டுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பித்தம். இஞ்சி தட்டிக் கொடுத்தேன். மையத்துக்குப் பக்கத்துக் கடையில் எண்ணெய்ப் பலகாரம் தின்கிறாள் என்று நினைக்கிறேன்.

கோவில்பட்டிக்காரர்கள் பணம் கட்டிவிட்டார்கள்.

மே 29, வியாழன்

முன்னறையில் இருந்த தன் மேசையைச் சமையலறைக்கு அடுத்த இடுக்குக்கு இழுத்துப் போட்டுவிட்டாள். அங்கே காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. கேட்டால், முன்னறையில் ஆள் வந்துபோவது இடைஞ்சலாக இருக்கிறதாம்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தாள்.

"எம்மா, சுவத்துல இருக்கவங்கள எல்லாம் கல்யாணத்துக்குப் பெறவு போயி பாத்திருக்கியா?"

"எதுக்கு? தாலி ஏறுன அன்னைக்கு என் சோலி முடிஞ்சுது. பெறவும் போயி நின்னா, காசு கேக்க வந்திருக்கான்னு நெனைப்பாவ."

"போன்லயாவது?"

"குறை இருந்தா அவங்களே போடுவாவ. போன் வரலன்னா நல்லா இருக்காவன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது, பெற்ற தாயைக் குறுக்கு விசாரணை செய்ய.

ஜூன் 4, புதன்

இன்று நடந்ததை நானே நம்பவில்லை. ஆலை வீட்டு அம்மா நேரில் வந்துவிட்டார்கள். காரில். இளைய மகன் தினகரனுக்குப் பெண் வேண்டுமாம். பி.காம். படித்துவிட்டு அண்ணனோடு ஆலையைப் பார்த்துக்கொள்கிறான், எல்லாரும் ஒரே வீடு. இரண்டு மூன்று ஜாதகம் எடுத்துப் போட்டேன். அவர்கள் அதையெல்லாம் தொடவில்லை.

"உங்க மவ என்னமோ குடும்பத்தப் பத்தியே படிக்காளாமே? எங்களுக்கு வேலைக்குப் போற பிள்ள வேண்டாம். குடும்பம் நடத்தப் படிச்ச பிள்ளதான் வேணும். ஒரு வருசம் படிச்சது போதும், மிச்சத்த நாங்க சொல்லிக் குடுத்துக்கிடுதோம்."

நகை, பணம் எதுவும் வேண்டாமாம். ஆவணியில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாமாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊராருக்கெல்லாம் மாப்பிள்ளை தேடினேன். என் மகளுக்கு வாசலில் வந்து நிற்கிறது. போன வருடம் மையத்து ஏட்டில் அவள் வரன் குறிப்பில் 'எம்.எஸ்ஸி. குடும்பவியல், குடும்பத்துக்கென்றே படிக்கும் பெண்' என்று எழுதி வைத்தேன். அதைப் பார்த்துக் குழலி தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது அந்த ஒரு வரிதான் ஆலை வீட்டையே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. இந்தப் படிப்பில் வரவு என்று ஒன்று இருந்தால் இதுதான்.

ஜாதகம் பார்த்தேன். பத்துக்கு எட்டு.

ஜூன் 6, வெள்ளி

வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏம்ட்டி?"

"வேண்டாம்மா."

"ஆளு பிடிக்கலையா? நீ பாக்கவே இல்லையே."

"வேண்டாம்."

"வேற யாரும் இருக்கானா?"

"இல்ல."

"பெறவு என்னத்துக்கு வேண்டாங்க? காரணம் சொல்லு."

"சொல்ல முடியாதும்மா."

பேசக் கற்றுக்கொடுக்கிற படிப்பு என்று பணம் கட்டினேன், பிள்ளை ஊமையாகிவிட்டாள். இவரிடம் சொன்னேன். "அவ வேண்டாங்காள்லா, விடுளா" என்கிறார். அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். அப்பனும் மகளும் கடையில் இட்லி வாங்கித் தின்றார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

கோபம் இன்னும் தீரவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது குழம்பில் ஒரு முடி கிடந்தது. நீள முடி, அவளுடையதுதான். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வராதே என்று எத்தனை தடவை சொல்வது?

"சோத்துல முடி கெடக்கு. இந்த முடிய ஒரு நாள் ஒட்ட வெட்டி விட்டாத்தான் ஒனக்குப் புத்தி வரும்" என்று கத்தினேன்.

எல்லாத் தாயும் சொல்கிற பேச்சுதானே. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. என்னையே பார்த்தாள். ஏதோ நான் கத்திரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதுபோல. தட்டோடு எழுந்து போய்க் கழுவிவிட்டாள், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

இந்தப் படிப்பு இவளுக்கு வேண்டவே வேண்டாம். தொட்டதுக்கெல்லாம் சுணங்குகிறாள். பணம் கட்டுவதாக இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

எங்கள் தொழிலில் நல்ல ஜாதகத்தைச் சும்மா கிடக்க விடக் கூடாது. ஓரிடத்தில் தட்டிப்போனால் சூடு ஆறுவதற்குள் அடுத்த இடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். ஆறிப்போனால், ஏன் தட்டிற்று என்று நாலு பேர் கேட்பார்கள்.

இவருடைய தங்கை லோகநாயகிக்கு ஒரே மகள், செண்பகம். அப்பா இல்லாத பிள்ளை. பி.காம். முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். தினகரன் ஜாதகத்தைச் செண்பகத்தின் ஜாதகத்தோடு வைத்துப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது! ஆலை வீட்டு அம்மாவிடம் பேசினேன். "ஒங்க சொந்தம்தான? சரி" என்றுவிட்டார்கள்.

லோகநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "மதினி, எங்க அண்ணன்கூட எனக்கு இப்படிச் செஞ்சது இல்ல." எனக்கும் கண் கலங்கிற்று. இவளிடம் கமிஷன் வாங்கப் போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

குழலிக்குச் சொன்னேன். கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"எம்மா, செண்பகத்துக்கு வேண்டாம்மா."

"ஒனக்கு வேண்டாம். அவளுக்கும் வேண்டாமா?"

"யாருக்குமே பேசாத. அந்த வீட்டுக்கு யாரையுமே குடுக்காத."

"ஏன்? என்ன தெரியும் ஒனக்கு?"

கீழே விழுந்த சாவிக்கொத்தைப் பொறுக்கினாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. வேண்டாமென்று சொல்லிவிட்டாளே தவிர மனசுக்குள் ஆசை இருந்திருக்கிறது. இன்னொருத்திக்குப் போகிறது என்றதும் பொறுக்கவில்லை. பதினாறு வருடத்தில் இப்படி எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறேன்!

"ஆச இருந்தா இப்பவும் சொல்லு, லோகாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. பெற்ற தாயை அப்படிப் பார்க்கலாமா?

ஜூன் 27, வெள்ளி

ஆலை வீட்டிலிருந்து வந்து பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் முடிந்தாக வேண்டும். ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. மூத்த மருமகளை அழைத்து வரவில்லையே என்று கேட்டேன். "அவளுக்கு மேலுக்கு முடியல" என்றார்கள். செண்பகத்துக்கு வெட்கத்தில் காது வரை சிவந்துவிட்டது. அவள் தலைமுடியும் நல்ல நீளம். மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழலி வரவில்லை. மையத்தில் வேலை இருக்கிறதாம்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று வாரமாக என்னோடு சரியாகப் பேசாதவள் இன்று தானாக வந்தாள்.

"எம்மா, இந்தப் படிப்புக்கு என்ன சம்பளம், என்ன வேலைன்னு கேட்டியே, அத எங்க மேடத்துட்டயே கேளு. ரெண்டாம் வருசத்துக்குக் கட்டுறதுக்கு முன்னால வந்து கேட்டுரு."

"நான் கட்டப் போறதே இல்லைன்னு சொன்னேன்லா."

"கட்டாட்டியும் பரவால்ல. வந்து கேளு. வியாழக்கிழமை பத்து மணிக்கு வா. வெளிய பெஞ்சுல உக்காரு, மேடம் கூப்பிடுவாங்க."

"நாளைக்கே வாரேன்."

"நாளைக்கு வேண்டாம். வியாழக்கிழமை வா."

முகம் காய்ச்சல்காரி மாதிரி இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை.

ஜூலை 10, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பத்து மணிக்குப் போனேன். மாம்பழக் கலர் பட்டுக் கட்டியிருந்தேன். நீள வராந்தா, சுவரோரம் இரண்டு பெஞ்சு, ஏழெட்டுப் பேர். ஆள் கூடின இடத்தைக் கண்டால் என் கை தானாகக் கைப்பைக்குள் போகும். பக்கத்தில் ஒரு பெண் சுடிதார் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். முஸ்லிம் பிள்ளை என்று நினைத்தேன். எல்லாருக்கும் செய்கிறோமே என்று என் கார்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை.

"வீட்டுல யாருக்காவது பாக்கணும்னா சொல்லும்மா."

அவள் கார்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு முடிஞ்சிட்டு அத்தை. நீங்கதான் முடிச்சு வச்சீங்க."

யாரென்று தெரியவில்லை. என் சுவரில் மூன்று வருடமாக மாட்டியிருக்கிறேன், தினமும் தூசி துடைக்கிறேன், எனக்கு அடையாளம் தெரியவில்லை! கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தாள்.

"மரகதம்" என்று அவளே சொன்னாள்.

"முடி?" என்று கேட்டேன். நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

அவள் துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கினாள். ஒரு பக்கம் காதுக்கு மேலே, ஒரு பக்கம் கழுத்து வரை. நடுவில் தோல் தெரிகிற இடத்தில் ஒரு நீளத் தழும்பு.

"சோத்துல முடி கெடந்துச்சுன்னு" என்றாள். யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "அவங்க அம்மா கத்திரிக்கோல் எடுத்துட்டு வந்தாவ. எங்க வீட்டுக்காரர், இவ்வோதான் வெட்டுனாவ. நான் திமிறுனேன்னு தினகரன் ரெண்டு கையையும் பின்னால புடிச்சுக்கிட்டாவ. அதுலதான் கத்திரி பட்டுட்டு."

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப?"

"ஏப்ரல்ல. மொத தடவ இல்ல அத்தை. முடிதான் மொத தடவ."

மே மாதம் முழுக்க அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன். ராணி மாதிரி வச்சிருக்காவ. என் வாய்தான் சொன்னது. தினகரனுக்கு நிச்சயம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

"தினகரனுக்குப் பொண்ணு பாத்தாச்சாமே. பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

அப்போது குழலி உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். மரகதத்திடம் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. "நீங்க உள்ள வாங்கக்கா" என்று அவளைக் கூப்பிட்டாள். மரகதம் எழுந்திருக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இங்க பாத்தேன்னு யார்ட்டயும் சொல்லிராதீங்க அத்தை. பல் ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு வாரேன். தெரிஞ்சா இதுவும் போயிரும்."

அப்புறம் ஜெசிந்தா மேடம் என்னைக் கூப்பிட்டார்கள். எளிமையான பருத்திச் சேலை, நரைத்த தலை. இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறார்களாம், இப்போதுதான் முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்கிறதாம். குழலி நல்ல பிள்ளை, கேட்பதைக் கேட்டு உள்ளேயே வைத்துக்கொள்கிற பிள்ளை என்றார்கள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றும் தெரியவில்லை.

நாளைக்கு வேண்டாம், வியாழக்கிழமை வா என்று அன்றைக்கு ஏன் சொன்னாள்? அவளிடம் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. யார் வந்து கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

ஜூலை 11, வெள்ளி

சோறு வடிக்கும்போது கஞ்சி காலில் கொட்டிவிட்டது. ஆறு வாரம் இவள் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு இந்த வீட்டில் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

ஜூலை 12, சனி

நிச்சயத்தை நிறுத்த வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. சொன்னால் லோகநாயகி நேராக ஆலை வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பாள், அவளுக்கு வாயில் எதுவும் நிற்காது. மரகதம் ஆலோசனை மையத்துக்கு வருவதும் நின்றுவிடும். யார் சொன்னது என்று தோண்டினால் குழலியின் படிப்பு போய்விடும். காலையில் முழுக்க யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி எங்கள் தொழில் வழிதான்.

பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் பந்தல்காரன் சாமான் இறக்கிக்கொண்டிருந்தான். செண்பகம் கையில் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லோகா, ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுது. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"என்ன மதினி சொல்லுதீங்க? பத்துக்கு ஒம்பதுன்னீங்களே!"

"தப்பாப் பாத்துட்டேன்."

"தப்பாப் பாத்தீங்களா? நீங்களா?"

நம்பமாட்டாள். யாருமே நம்பமாட்டார்கள். தட்டுகிற ரஜ்ஜுவைக்கூடப் பரிகாரம் சொல்லிப் பொருத்திவிடுகிறவள் நான். ஊருக்கே தெரியும்.

"தாலிக்கு ஆகாது லோகா. என் பேச்சக் கேளு."

அப்போதுதான் ஆரம்பித்தாள். தெருவே கூடிவிட்டது.

"ஒம் மவ வேண்டாம்னு தள்ளுனத எம் மவளுக்குக் கொண்டாந்த. இப்ப அவளுக்கு ஆச வந்துட்டோ? அப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒரு வாழ்வு வந்தா ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போகுதோ? இதுக்குத்தான் கமிசன் வேண்டாம்னியா?"

நான் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் என் காலில் விழுவாள். செண்பகம் மருதாணிக் கையை விரித்தபடி என்னைப் பார்த்தாள், "ஏன் அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. குழலி என்னிடம் சொன்ன அதே பதில்.

ஆலை வீட்டுக்கும் நானே போன் செய்தேன். பெண்ணின் ஜாதகத்தில் கோளாறு, என் பிழை என்றேன். அந்த அம்மா திட்டியதை இங்கே எழுத வேண்டாம்.

ஜூலை 13, ஞாயிறு

இவர் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். முகத்தில் ரத்தமில்லை. இனி இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று லோகநாயகி சொல்லிவிட்டாளாம். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏளா, ஒனக்குப் பஞ்சாங்கம் தப்பாதே?"

"கண்ணாடி மாத்தணும்" என்றேன்.

வழக்கமான "சரிளா" கூட வரவில்லை.

சாயங்காலம் குழலி என் பின்னால் வந்து நின்று, நான் கேட்காமலே தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது என்பது என் கழுத்தில் சொட்டியபோது தெரிந்தது.

ஜூலை 15, செவ்வாய்

ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டியாயிற்று. வங்கியில் அந்தப் பையன், "என்ன கோர்ஸ் மேடம்?" என்றான். சொன்னேன். "ஸ்கோப் இருக்கா?" என்றான்.

ஜூலை 20, ஞாயிறு

குழலி கோயம்புத்தூருக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது, "எம்மா, ஆடில ஒனக்கு வேலை இருக்காதுல்ல?" என்றாள். இருக்காது என்றேன். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மரகதத்தின் படத்தைக் கழற்றினேன். பின்னால் சுவர் புதிதாக வெள்ளையடித்ததுபோல இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

ஆலை வீட்டு அம்மா போன். மூத்த மருமகள் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லையாம், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறதாம். "நீ முடிச்சு வச்ச லட்சணத்தப் பாத்தியா?" என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். அதற்குப் பிறகும், தினகரனுக்கு ஏழை வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று பாருங்கள் என்றார்கள். பெண் இல்லை என்றேன். ஊரில் என்னைத் தவிர இன்னும் நாலு மையம் இருக்கிறது. நாலு பேருக்கும் போன் போட்டு, அந்த ஜாதகத்தைத் தொடாதீர்கள், தோஷம் பொல்லாதது என்றேன். தொழில்காரிக்குத் தொழில்காரி பொறாமையில் சொல்கிறாள் என்று ஒருத்தி சிரித்தாள். மற்ற மூன்று பேர் கேட்டுக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. மையத்தில் ஈ ஆடவில்லை. எலுமிச்சைச் சாதம் கிளறி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அடுத்த தெரு நாச்சியார் வந்தாள். மகள் பி.எஸ்ஸி.யில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். குழலி படிக்கிற படிப்புதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

"நீங்க அனுபவப்பட்டவங்க அக்கா. மறைக்காம சொல்லுங்க. எவ்வளவு செலவாகும்? முடிச்சா என்ன வரும்?"

"செலவு வருசத்துக்கு லட்சத்துக்கு மேல. ஆரம்பத்துல பதினெட்டாயிரம் வரும். வருசம் இருபதானாலும் முப்பதச் சுத்திதான்."

நாச்சியாருக்கு முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவுதானா? பெறவு நீங்க ஏன் ரெண்டாம் வருசமும் கட்டுனீங்க? அப்படி அதுல என்னதான்க்கா இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். வந்தவர்களுக்கு இல்லாததையும் எடுத்துச் சொல்லி அனுப்பித்தான் இத்தனை வருடம் பிழைத்தேன். இன்று உள்ளது அத்தனையும் நெஞ்சு வரை நிற்கிறது, ஒன்றைச் சொல்ல வழி இல்லை. "காப்பி குடிக்கியா நாச்சியா?" என்றேன்.

குடித்துவிட்டுப் போனாள். மகளை வேறு எதிலாவது சேர்க்கத்தான் போகிறாள். என்னைப் பற்றிக் கட்டின பணத்துக்குக் கணக்குச் சொல்லத் தெரியாதவள் என்று தெருவில் சொல்வாள். சொல்லட்டும்.

அவள் போன பிறகு அந்த வெள்ளைச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் மாலையும் கழுத்துமாக எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சதுரத்துக்கு அடுத்த படம் தென்காசிப் பெண், கனகமணி. ஐந்து வருடம் ஆயிற்று. மாப்பிள்ளை வாத்தியார், மிகவும் சாது. இவளுக்கு ஒன்றும் இருக்காது என்று எனக்குள் சொல்லிக்கொண்டுதான் நம்பரைப் போட்டேன். ஐந்தாறு முறை மணியடித்த பிறகு எடுத்தாள்.

"யாரு, கல்யாண மையத்து அத்தையா! என்ன அத்தை, திடீர்னு?" குரலில் சிரிப்பு இருந்தது. பின்னால் டிவி சத்தம்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கியான்னு கேக்கத்தான் போட்டேன்."

"நல்லா இருக்கேன் அத்தை. ரொம்ப நல்லா இருக்கேன்."

எனக்கு மூச்சு வந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் வைக்கவில்லை, பேசவும் இல்லை. டிவி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு குரலை ரொம்பத் தாழ்த்திச் சொன்னாள்.

"கொஞ்சம் இருங்க அத்தை. கதவச் சாத்திட்டு வாரேன்."